பன்னிரண்டு மணிக் கரண்டும் ஏழு மணிக் கரண்டும்

பருவநிலை மாற்றம் என்று பேச்சு எடுத்தாலே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது மரக்கன்று படம் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். மரம் நடுவதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் வள்ளியூர் பக்கம் ஒரு 110 கே.வி. துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் புத்தி வேறு பக்கம்தான் போகும். இந்தியா வெளியே விடுகிற கரியமில வாயுவில் மற்ற எதையும்விட அதிகமாக வருவது மின்சாரத்துக்காக எரிக்கும் நிலக்கரியிலிருந்து. அதைக் குறைக்க சோலார் தகடு போட வேண்டும், காற்றாலை நட வேண்டும், எல்லாம் சரி. அதெல்லாம் பாதி வேலைதான். எந்த மணிக்கு எந்த மோட்டார் ஓடுகிறது என்பது மீதிப் பாதி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

எஸ்.எஸ். என்று நாங்கள் சொல்லும் துணை மின்நிலையத்தில் ஆபரேட்டர் வேலை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை. உண்மையில் மணிக்கொரு தரம் எழுந்து போய் ரீடிங் எடுத்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். ஊர்களுக்குப் பிரிந்து போகும் ஒவ்வொரு ஃபீடர் லைனிலும் எத்தனை ஆம்பியர், வோல்டேஜ் என்ன, டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய்ச் சூடு எவ்வளவு, வைண்டிங் சூடு எவ்வளவு, பேட்டரி எப்படி இருக்கிறது. கரண்ட் போனால் ஊர் முழுக்க போன் போட்டுத் திட்டுவதை வாங்கிக்கொள்வதும் அந்த வேலையில் சேர்த்தி. 2012-ல் திட்டு வாங்காத ஆபரேட்டர் தமிழ்நாட்டில் ஒருவர் இருந்தார் என்றால் அவருடைய எஸ்.எஸ்.ஸில் போன் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து லாக் ஷீட்டைப் பார்த்தாலே ஊர் எப்போது விளக்கேற்றுகிறது, எப்போது படுக்கிறது என்று தெரிந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆம்பியர் ஏற ஆரம்பிக்கும். ஏழு, ஏழரைக்கு உச்சம். பத்து மணிக்கு இறங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுதுவதற்கே ஒன்றும் இருக்காது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில கோடைகளில் அந்தக் கணக்கு மாறிவிட்டது. நடுச்சாமம் தாண்டியும் லோடு இறங்காது. டவுன் ஃபீடரில் இரண்டு மணி ரீடிங்கும் ஒன்பது மணி ரீடிங்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எல்லாம் ஏசி.

இதில் வெளியே தெரியாத ஒரு சங்கடம் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கும் ராத்திரி ஓய்வு வேண்டும். பகலில் சூடேறிய எண்ணெய், லோடு இறங்குகிற நேரத்தில்தான் ஆறும். ராத்திரியும் வெக்கை, ராத்திரியும் லோடு என்றால் அது எப்போது ஆறுவது? உள்ளே கம்பியைச் சுற்றியிருக்கும் காகித இன்சுலேஷனுக்குச் சூடு ஆகாது. தாங்கக்கூடிய அளவைத் தாண்டி ஆறு டிகிரி கூடினாலே அதன் ஆயுள் பாதியாகும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். கூலிங் ஃபேன் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, நடுராத்திரியில் டார்ச் அடித்து எண்ணெய் டெம்பரேச்சர் மீட்டரைப் பார்த்தால் முள் மாலையில் நின்ற இடத்திலேயே நிற்கும். வெயில் கூடியிருக்கிறதா என்று என்னிடம் கேட்டால் வானிலை அறிக்கை எனக்கு வேண்டாம், அந்த முள்ளே போதும்.

அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901-லிருந்து வைத்திருக்கும் கணக்கில் 2024-தான் மிக வெப்பமான ஆண்டு. அந்த ஆண்டு மே 30-ஆம் தேதி நாட்டின் உச்ச மின்தேவை 250 கிகாவாட்டைத் தொட்டது. தமிழ்நாடு அதற்கு முன்பே, மே மாதத் தொடக்கத்திலேயே, 20,800 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வெக்கைக்கு ஏசி போடுகிறோம், ஏசிக்கு நிலக்கரி எரிக்கிறோம், அந்தப் புகை அடுத்த கோடையை இன்னும் கொஞ்சம் சூடாக்குகிறது.

வெயில் ஒரு பக்கம் என்றால் தண்ணீர் இன்னொரு பக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டியது ஒரு நாளில் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று பயணிகளோடு நின்றுவிட்டது. துணை மின்நிலையங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரு மழையைத் தனியாகப் பிடித்து ‘இது பருவநிலை மாற்றத்தால்தான்’ என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். அந்த ஈரம் எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் சாய்த்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். எங்கள் பக்கத்திலிருந்தும் லைன்மேன்கள் போனார்கள். சேற்றில் குழி தோண்டினால் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியதாம், கம்பம் நிற்கவே நிற்காதாம். வந்து கதை கதையாகச் சொன்னார்கள்.

சரி, நிலக்கரிக்கு வருவோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நம் நாட்டு நிலக்கரி 650, 700 கிராம் எரிய வேண்டும். ஒடிசாவில் தால்சேர் சுரங்கத்தில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, கப்பலில் ஏற்றி, தூத்துக்குடியிலோ எண்ணூரிலோ இறக்கி, பெல்ட்டில் போட்டு அனல்மின் நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சாம்பல். சாம்பலைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருகிறோம் என்று யோசித்தால் சிரிப்பு வரும். சூரியன், காற்று, நீர், அணு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலும் நம் கிரிட்டில், அதாவது எல்லா நிலையங்களையும் இணைக்கும் மின்கட்டமைப்பில், ஒரு யூனிட்டுக்கு 700 கிராமுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது.

2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரதமர் 2070-க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியே விடுகிற வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுகிற வாயுவும் சமம், என்று அறிவித்தார். 2022-ல் மத்திய அரசு இரண்டு இலக்குகளை எழுத்தில் கொடுத்தது. பொருளாதார உற்பத்தியில் ஒரு ரூபாய்க்கு வெளியேறும் வாயுவை 2005-ஐ ஒப்பிட 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பது ஒன்று. மின் நிறுவுதிறனில் (எல்லா நிலையங்களும் முழுதாக ஓடினால் தரக்கூடிய அளவில்) பாதியை நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாதவற்றிலிருந்து கொண்டுவருவது மற்றொன்று. இரண்டாவதை 2025-லேயே எட்டிவிட்டோம் என்று அறிவிப்பும் வந்தது. பெருமைதான், குறை சொல்லவில்லை.

ஆனால் நிறுவுதிறன் வேறு, யூனிட் வேறு. வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்பதற்கும் மாதம் எவ்வளவு பணம் வருகிறது என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஒரு கிலோவாட் சோலார் தகடு எங்கள் ஊர் வெயிலில் நாளுக்கு நாலு, நாலரை யூனிட் கொடுக்கும். நிலக்கரி நிலையம் ராத்திரி பகலாக ஓடும். அதனால் திறனில் பாதி என்று சொன்னாலும், நாடு முழுக்க உற்பத்தியாகும் பத்து யூனிட்டில் ஏறக்குறைய ஏழு இன்னும் நிலக்கரியிலிருந்துதான். அமெரிக்காவில் ஆளுக்கு ஏறக்குறைய 14 டன் கரியமில வாயு, நமக்கு 2 டன், நம்மை ஏன் கேட்கிறார்கள் என்று என் மருமகன் கேட்பார். அந்த நியாயத்தை மாநாட்டில் பேசத்தான் வேண்டும். அதற்காக இங்கே வீணாக எரிக்க வேண்டிய அவசியம் இல்லையே.

பன்னிரண்டு மணிக் கரண்டும் ஏழு மணிக் கரண்டும் ஒரே சரக்கு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெயில் நன்றாகக் காய்கிற மாசி மாதத்தில் சோலார் மின்சாரம் கொட்டும். கமுதியில் மட்டுமே 648 மெகாவாட் 2016-லிருந்து நிற்கிறது. அந்த நேரத்தில் நிலக்கரி நிலையத்தை அணைத்துவிடலாமே என்றால், முடியாது. கொதிகலனை ஆறவிட்டு மறுபடி சூடேற்ற மணிக்கணக்கில் ஆகும். எண்ணெய் வேறு எரிக்க வேண்டும். பாதிக்குச் சற்று மேல்வரைதான் இறக்குவார்கள், 55 சதவீதம் என்பது இப்போதைய கணக்கு. ஏழு மணிக்குச் சூரியன் போய்விடும், ஊர் விளக்கைப் போடும், அப்போது அதே நிலையம் முழு மூச்சில் ஏற வேண்டும். ஏழு மணிக்கு வேண்டும் என்பதற்காகவே அதைப் பன்னிரண்டு மணிக்கும் எரியவிட்டு வைக்கிறோம். ஏழு மணி உச்சத்தைக் கொஞ்சம் வெட்டினால் மத்தியானமும் சேர்ந்து குறையும்.

எங்கே வெட்டலாம்? என்னைக் கேட்டால் முதலில் கிணற்று மோட்டார்.

தமிழ்நாட்டில் விவசாய இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேல். நான் வேலையில் இருந்த காலத்தில் மும்முனை மின்சாரம் முறை வைத்து விடுவோம். ஒரு குரூப்புக்குப் பகல், இன்னொன்றுக்கு ராத்திரி. விவசாயி என்ன செய்வார்? ராத்திரி இரண்டு மணிக்குப் பாம்புக்கும் பன்றிக்கும் பயந்துகொண்டு டார்ச்சோடு தோட்டத்துக்குப் போக யாருக்கும் ஆசை இருக்காது. ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டுத் தூங்கிவிடுவார். மும்முனை வந்ததும் மோட்டார் தானாக எடுத்துக்கொள்ளும். இதன் விளைவை நாங்கள் எஸ்.எஸ்.ஸில் அனுபவிப்போம். ஃபீடரின் பெரிய சுவிட்சான பிரேக்கரை ஆன் செய்த அந்த நொடியில் அந்த ஃபீடரில் உள்ள அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும். மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைவிட ஐந்து, ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஆம்பியர் மீட்டர் முள் அந்தக் கோடிக்குப் போய் அடிக்கும், காவல் கருவியான ரிலே விழும், பிரேக்கர் ‘டமார்’ என்று டிரிப் ஆகும். மறுபடி போடு, மறுபடி விழும். ஃபீடரை இரண்டாகப் பிரித்து, பாதியை முதலில் ஏற்றி, ஐந்து நிமிஷம் பொறுத்து மீதியை ஏற்றுவோம். அங்கே வாழைக்குத் தண்ணீர் போதுமான பிறகும் விடிகிறவரை ஓடிக்கொண்டிருக்கும். வரப்பு உடைந்து பாதையில் தண்ணீர் நிற்கும்.

ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஐந்து மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 20 யூனிட். நிலக்கரிக் கணக்கில் 13, 14 கிலோ. ஒரு கிணற்றுக்கு, ஒரு ராத்திரிக்கு. எத்தனை முறை காயில் கட்டிய மோட்டார் என்பதைப் பொறுத்து இது கூடும். எங்கள் ஊர்ச் சந்தையில் இருக்கிற வைண்டிங் கடைக்காரர் சொல்வார், இருபது வருஷ மோட்டார்கள்தான் தனக்குச் சோறு போடுகின்றன என்று. அவரைக் குறை சொல்ல முடியாது. மின்சாரம் இலவசம் என்கிறபோது நட்சத்திரக் குறியிட்ட புது மோட்டாரை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

உடனே இலவச மின்சாரத்தை நிறுத்து என்று ஒரு கூட்டம் கிளம்பும். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. எழுபதுகளில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்துக்காக மாட்டுவண்டிகளைக் கோவைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்கள் உண்டு. 1990-லிருந்து வந்த முழு இலவசம் சும்மா வந்தது இல்லை. அதில் கை வைக்காமலே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. மகாராஷ்டிரம் 2017-லேயே ஒரு வழி பிடித்தது. விவசாய ஃபீடர் புறப்படும் எஸ்.எஸ்.ஸுக்குப் பக்கத்திலேயே சில மெகாவாட் சோலார் போட்டு, அந்த ஃபீடருக்குப் பகலில் மட்டும் மின்சாரம் விடுவது. விவசாயத்துக்குச் சோலார் கொண்டுவரும் மத்திய அரசின் குசும் திட்டத்திலும் 2019-க்குப் பிறகு இதற்கு இடம் உண்டு. ஒவ்வொரு கிணற்றிலும் தனித்தனியாகத் தகடு போடுவதைவிட இது செலவு குறைவு, பராமரிப்பும் ஒரே இடத்தில். விவசாயிக்கு ராத்திரி டார்ச் வேண்டாம். எஸ்.எஸ். காரனுக்கு ஏழு மணி நிம்மதி.

இதை என் மச்சினனிடம் சொன்னேன். பணகுடிக்குப் பக்கத்தில் தென்னையும் வாழையும் வைத்திருக்கிறான்.

“அத்தான், பகல் பூரா கரண்ட் வந்தா நான் பகல் பூரா ஓட்டுவேன். கிணத்துல என்ன மிஞ்சும்?” என்றான்.

“ஓட்டாத மாப்ள” என்றேன்.

“பக்கத்துத் தோட்டக்காரன் ஓட்டுவானே. அவன் போர்ல இழுத்தா என் கிணறுதான வத்தும்?”

நியாயமான கேள்வி. தகட்டிலிருந்து வருவது ஓசி என்றாகிவிட்டால் நிலத்தடி நீரைக் காப்பாற்ற யாருக்கும் காரணம் இருக்காது. குஜராத்தில் கேடா மாவட்டத்து டுண்டி கிராமத்தில் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. விவசாயிகள் சிலர் சங்கமாகச் சேர்ந்து சோலார் பம்ப்பைக் கிரிட்டோடு இணைத்தார்கள். தண்ணீர் இறைக்காத நேரத்து மின்சாரத்தை விற்றார்கள். மோட்டாரை நிறுத்தினால் பணம் என்று வந்ததும் மோட்டார் நின்றது. பிறகு குஜராத் அரசே 2018-ல் இதே வழியில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மச்சினனுக்கு இதைச் சொன்னபோது அவன் கேட்டது ஒரே கேள்வி: “யூனிட்டுக்கு எவ்வளவு தருவான்?” எல்லாம் அந்த விலையில்தான் இருக்கிறது. குறைந்த விலை வைத்தால் தண்ணீரை எடுத்துப் பக்கத்துத் தோட்டத்துக்கு விற்பது அவனுக்கு லாபம்.

காற்றாலைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் காத்தாடி என்றால் குழந்தைக்கும் தெரியும். தூத்துக்குடி முள்ளக்காட்டில் 1986-ல் ஆரம்பித்தது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் வரைக்கும் காடாக நிற்கிறது. வைகாசி தொடங்கி ஐப்பசிக்குள் வருஷத்துக் காற்றில் பெரும்பகுதி வந்து முடிந்துவிடும். ஆடியில் அம்மியே பறக்கும்போது காத்தாடி சுற்றாதா? ஒரு காலத்தில் ராத்திரியில் அவ்வளவு காற்றடித்தும் எடுத்துக்கொள்ள லோடு இருக்காது. மேலிருந்து போன் வரும், ஃபீடரை எடுத்துவிடச் சொல்வார்கள். பிரேக்கரை ஆஃப் செய்தால் ஜன்னல் வழியே தெரிகிற மலையடிவாரத்தில் றெக்கைகள் ஒவ்வொன்றாக நிற்கும். எரிபொருளே வேண்டாத மின்சாரத்தை என் கையாலேயே நிறுத்தியிருக்கிறேன். 2013 டிசம்பர் 31-ல் தென்மாநில கிரிட்டை நாட்டின் மற்ற கிரிட்டோடு இணைத்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் மாநிலத்துப் புகளூர் வரை வந்திருக்கிற 6,000 மெகாவாட் லைன் இரண்டு பக்கமும் மின்சாரம் கொண்டுபோகும். நம் ஆடிக்காற்று வடக்கே போகலாம். என்னைப் பொறுத்தவரை இப்படி ஒரு லைன் போடுவது நூறு விழிப்புணர்வுப் பேரணிக்குச் சமம், ஆனால் லைனுக்கு யாரும் கொடி பிடிப்பதில்லை.

சேமிப்பு என்றால் இப்போது எல்லாரும் பேட்டரி என்கிறார்கள். நம்மிடம் எண்பதுகளின் கடைசியிலிருந்தே ஒன்று இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை, 400 மெகாவாட். மின்சாரம் மிச்சமாகும் நேரத்தில் கீழ் அணையிலிருந்து மேலே தண்ணீரை ஏற்றி, உச்ச நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். நாலு யூனிட் போட்டால் மூன்று யூனிட் திரும்பும். அன்றைக்கு ராத்திரி மிச்சத்தில் ஏற்றத்தான் கட்டினார்கள். இன்றைக்கு மத்தியான மிச்சம்தான் பெரியது, ஏற்றுகிற மணி மாற வேண்டும். நீலகிரியில் குந்தாவில் இதே மாதிரி 500 மெகாவாட் கட்டுகிறார்கள்.

கட்டணமும் மாற வேண்டும். என் காலத்தில் உயரழுத்த ஆலைகளுக்கு ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்துவரை எடுத்தால் 5 சதவீதம் தள்ளுபடி. அன்றைக்கு அதுதான் சரி. இன்றைக்கு மத்தியானம் எடுத்தால்தான் தள்ளுபடி கொடுக்க வேண்டும். 2023 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தி, சூரிய ஒளி இருக்கிற மணிகளில் விலை குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்றது. வீடுகளுக்கு அதைக் கொண்டுவர, எந்த மணிக்கு எவ்வளவு எடுத்தோம் என்று குறிக்கிற ஸ்மார்ட் மீட்டர் வேண்டும், ஸ்மார்ட் மீட்டர் என்றாலே ஊரில் சண்டை வரும்.

வீட்டில் நாம் செய்ய முடிவது கொஞ்சம்தான், அதைப் பெரிதாக்கிப் பேச எனக்குப் பிடிக்காது. ஒன்றைச் சொல்லலாம்: ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. என்கிற புது வகை மோட்டார் ஃபேன் 30 வாட் சொச்சம். நம் வீடுகளில் ராத்திரி முழுக்க ஓடுவது அதுதான், அதுவும் நிலக்கரி அதிகமாக எரிகிற நேரத்தில். 2015-லிருந்து எல்.இ.டி. பல்பை அரசு மொத்தமாக வாங்கி விற்றபோது 36 கோடிக்கு மேல் போனது. 300 ரூபாய்க்கு மேல் கொள்முதல் செய்த பல்பின் விலை மூன்று வருஷத்துக்குள் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. ஃபேனுக்கும் அப்படி ஒரு வேலை செய்தால் ரேஷன் கடையிலேயே விற்றுத் தீர்க்கலாம்.

போன மாதம் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரிடம் பேசினேன். காலை ஐந்து மணிக்கும் சாயங்காலம் ஆறரைக்கும் மோட்டார் போடுகிறார். ஏழரை ஹெச்.பி. மோட்டார், உச்ச நேரத்தில். “மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஏற்றி வைத்துவிட்டு, காலையில் வால்வைத் திறந்தால் போதாதா?” என்று கேட்டேன்.

“அண்ணாச்சி, பன்னிரண்டு மணிக்கு நான் நூறுநாள் வேலை இடத்துக்குத் தண்ணி கொண்டு போகணும். ஆறரைக்குத்தான் வீட்ல இருப்பேன்.”

டைமர் போட்டால் அவர் இருக்க வேண்டியதே இல்லை. டைமர் வாங்கியாயிற்று. மாட்டித் தர என்னோடு வேலை பார்த்த லைன்மேன் ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார், பஞ்சாயத்திலும் வாய்மொழியாகச் சரி என்று சொல்லிவிட்டார்கள். இப்போது தொட்டி வால்வு கசிகிறது. மத்தியானம் ஏற்றுகிற தண்ணீர் விடிகிறவரை நிற்காது. முதலில் அதற்கு வாஷர் மாற்ற வேண்டும்.